கடைத்தெருக் கணக்கும் குறியீட்டுக் கணக்கும்

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், திருவனந்தபுரம் உட்பட 19 நகரங்களில் ஏறத்தாழ 6,000 வீடுகளுக்குக் கேள்வித்தாள் போகும். கேட்பதெல்லாம் எளிய கேள்விகள்தான். இப்போது விலைவாசி என்ன வேகத்தில் ஏறுவதாக நினைக்கிறீர்கள்? மூன்று மாதத்தில் எப்படி இருக்கும்? ஒரு வருடம் கழித்து? உணவுப் பொருள், மற்றப் பொருள், வீட்டு உபயோகச் சாதனங்கள், குடியிருப்புச் செலவு, சேவைக் கட்டணம் என்று பிரித்தும் கேட்பார்கள். பிறகு சதவீதக் கட்டங்கள் வரும். ஒன்றுக்குக் கீழே தொடங்கி 16-க்கு மேல் வரை போகும் அந்த வரிசையில், உங்கள் மனதுக்குப் பட்ட கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். 2005 முதல் இது நடந்துவருகிறது.

பதில்களைப் பார்த்தால் முதலில் திகைப்பாக இருக்கும். 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி நாட்டின் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். அந்தக் குறியீட்டு வரிசையில் அதுவரை பதிவானவற்றிலேயே மிகக் குறைந்த அளவு அது. அதே சமயத்தில் குடும்பங்களைக் கேட்டால், இப்போதைய பணவீக்கமே ஏழு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்பதுதான் நடுவாந்தரமான பதில். அடுத்த வருடம் இன்னும் கூடும் என்றும் சொன்னார்கள்.

அரசாங்கம் பொய் சொல்கிறது என்று ஒரு தரப்பும், மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இன்னொரு தரப்பும் இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. இரண்டும் சோம்பேறித்தனமான விளக்கங்கள். குறியீடு அளப்பது வேறு, மனது அளப்பது வேறு. மனது எதை வைத்து அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், வாடகை ஒப்பந்தம் போடும்போதும், ஆட்களுக்குச் சம்பளம் பேசும்போதும், வைப்புநிதி போடுவதா நகை வாங்குவதா என்று யோசிக்கும்போதும் உதவும்.

அடிக்கடி வாங்குவதே கணக்கில் ஏறும்

2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் 299 பொருள்களும் சேவைகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குடும்பச் செலவில் அதற்குள்ள பங்கை ஒட்டி ஓர் எடை. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் சேர்ந்து அதில் ஏறத்தாழ 2.2 சதவீதம்தான். ஆனால் மனதில் இவை பெறும் எடைக்கு அளவே கிடையாது. காரணம் எளிது. வாஷிங் மெஷின் எட்டு வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறோம். போன தடவை என்ன விலை கொடுத்தோம் என்பது நினைவில் இருக்காது. தக்காளியை வாரத்துக்கு இரண்டு முறை வாங்குகிறோம். போன செவ்வாய்க்கிழமை விலை நாக்கு நுனியில் இருக்கும்.

ஒரு வீட்டுக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். மாதச் செலவு 40,000 ரூபாய். மாதத்துக்கு எட்டு கிலோ தக்காளி. கிலோ 30 ரூபாயிலிருந்து 60 ஆகிவிட்டால் கூடுதல் செலவு 240 ரூபாய். மொத்தச் செலவில் அது 0.6 சதவீதம். ஆனால் அந்த வாரம் அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும், “எல்லாம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு” என்றுதான் பதில் வரும். 2023 ஜூலையில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். தக்காளி சில ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் நாட்டின் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. காய்கறிகளின் விலை மட்டும் முந்தைய வருடத்தைவிட 37 சதவீதம் கூடுதல். சில வாரங்களில் புது வரத்து வந்து தக்காளி இறங்கிவிட்டது. ஏறியபோது எழுந்த பேச்சில் பாதிகூட இறங்கியபோது இல்லை.

இந்தச் சமமின்மையைக் கவனியுங்கள். ஏற்றம் செய்தியாகிறது. இறக்கத்தை யாரும் பேசுவதில்லை. பேசினாலும், கட்டுப்படியாகாமல் விவசாயி தக்காளியைச் சாலையில் கொட்டினார் என்ற செய்தியாகத்தான் வரும். நுகர்வோரின் நினைவில் ஏற்றம் மட்டுமே தங்குகிறது.

இன்னொன்று, நாம் விலையின் வேகத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு விலையின் உயரத்தைச் சொல்லிவிடுகிறோம். டீ 12 ரூபாயிலிருந்து 15 ஆனால் அது 25 சதவீத ஏற்றம். அடுத்த வருடம் முழுக்க 15-லேயே நின்றால் குறியீட்டுக் கணக்கில் டீயின் பணவீக்கம் பூஜ்யம். குடிப்பவருக்கோ ஒவ்வொரு கிளாஸிலும் அந்த மூன்று ரூபாய் உறுத்திக்கொண்டே இருக்கும். “விலைவாசி எப்படி?” என்று கேட்டால் அவர் சொல்வது அந்த உறுத்தலைத்தான்.

பாக்கெட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் பத்து ரூபாய் சோப்பும் விலை மாறாமல் எடை மட்டும் குறைந்துகொண்டே வரும். குறியீடு தயாரிப்பவர்கள் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உறையைப் பிரித்துப் பார்த்து “முன்னைக்கு ரெண்டு பிஸ்கட் குறையுது” என்று கண்டுபிடிக்கும் இல்லத்தரசியின் சந்தேகம் அந்தப் பிஸ்கட்டோடு நிற்காது; சோப்பு, எண்ணெய் என்று எல்லாப் பொருளின் மேலும் படியும்.

பெட்ரோல் பங்க் பலகை

அடிக்கடி பார்ப்பதில் முதலிடம் பெட்ரோலுக்கு. அதை வாங்காதவர்களும் அதன் விலையைப் பார்க்கிறார்கள். பங்க் வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கும் ஒரே பண்டம் அதுதான். டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், அப்புறம் காய்கறி ஏறும் என்ற சங்கிலி எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் பலகையில் எண் மாறிய அன்றே மற்ற விலைகளும் மாறப்போகின்றன என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இது திரும்பும் திசையிலும் வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று 2022-இல் கிடைத்தது. அந்த ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். மே மாதம் 21-ஆம் தேதி மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியில் 8 ரூபாயும் டீசல் மீது 6 ரூபாயும் குறைத்தது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி அவசரமாக நகர்ப்புறக் குடும்பங்களிடம் ஒரு விரைவுக் கணக்கெடுப்பு நடத்தியது. மக்களின் விலையேற்ற எதிர்பார்ப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அதே மே மாதம் 4-ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல், வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 0.40 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. அந்த வட்டி உயர்வைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. பங்க் விலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

பழைய காயம்

நாம் எந்தக் காலத்தில் வளர்ந்தோம் என்பதும் கணக்கில் உண்டு. உல்ரிக்க மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடும் விலையேற்றத்தை வாழ்ந்து பார்த்த தலைமுறை, விலை அடங்கிய பிறகும் நீண்ட காலத்துக்கு உயர்ந்த பணவீக்கத்தையே எதிர்பார்க்கிறது என்பது அதன் சாரம்.

நமக்கு அந்தக் காயம் 2009 முதல் 2013 வரை பட்டது. உணவு விலையேற்றம் வருடக்கணக்கில் நீடித்தது. 2013 நவம்பரில் நுகர்வோர் பணவீக்கம் 11 சதவீதத்தைத் தாண்டியது. குடும்பக் கணக்கெடுப்பில் எதிர்பார்ப்பு இரட்டை இலக்கத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

தங்கியதால் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். வங்கியில் போட்ட பணம் கரைகிறது என்று மக்கள் முடிவு கட்டினார்கள். நகைக்கடைகளில் கூட்டம் கூடியது. இறக்குமதியான தங்கத்துக்கு டாலர் கொடுத்தாக வேண்டும். 2012-13-இல் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதத்துக்குப் போனதில் தங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த தங்க இறக்குமதி வரியை 2013 ஆகஸ்டுக்குள் 10 சதவீதமாக்கினார்கள். 2013 டிசம்பரில், பணவீக்கத்துக்கு மேல் 1.5 சதவீதம் வட்டி தரும் சேமிப்புப் பத்திரத்தை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் நான்கு வருடம் தாமதம். விதிமுறைகளும் சாதாரண ஆளுக்குப் புரியவில்லை. பெரிய வரவேற்பில்லாமல் போயிற்று. எதிர்பார்ப்பு வேரூன்றிய பிறகு பத்திரம் அச்சடித்துப் பிடுங்க முடியாது.

சொல்பவர் மேல் உள்ள நம்பிக்கை

அந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய ஏற்பாடு வந்தது. ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை கவர்னர் உர்ஜித் படேல் தலைமையிலான குழு 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. பணவீக்க இலக்கு 4 சதவீதம். இரண்டு புள்ளி கூடலாம், குறையலாம். தொடர்ந்து மூன்று காலாண்டு இந்த எல்லைக்கு வெளியே போனால் ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். 2022-இல் அப்படிப் போனது. அந்த நவம்பரில் கூடி விளக்கக் கடிதத்தை இறுதி செய்தார்கள். கடிதத்தை மக்களுக்குக் காட்டவில்லை. என் பார்வையில் அது கைநழுவவிட்ட வாய்ப்பு. எதிர்பார்ப்பைக் கட்டிவைக்க வேண்டிய அமைப்பு, ஏன் தவறினோம் என்பதை வீட்டுக்காரர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பேச்சிலும் அந்த முயற்சி இல்லாமலில்லை. கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸ் 2024 ஏப்ரலில் பணவீக்கத்தை யானை என்றார். அது உலாவப் போயிருக்கிறது, காட்டுக்கே திரும்பிப்போய் அங்கேயே இருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வரியை நாளிதழ்கள் எல்லாம் போட்டன. நீண்ட கொள்கை அறிக்கை எட்டாத இடத்துக்கு யானை எட்டியது.

அதே 2024-இல் ஒரு விவாதமும் எழுந்தது. உணவு விலையை விலக்கிவிட்டு மற்றவற்றின் பணவீக்கத்தை மட்டும் இலக்காக வைக்கலாமே என்று ஜூலையில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை யோசனை சொன்னது. மழை பொய்த்து வெங்காயம் ஏறினால் வட்டியை உயர்த்தி என்ன பயன் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அடுத்த மாதமே தாஸ் மறுத்தார். பணவீக்கம் என்றால் மக்கள் புரிந்துகொள்வது உணவு விலையைத்தான், அதை ஒதுக்கிவிட முடியாது என்றார். நான் அவர் கட்சி. சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குப் போகும் நாட்டில், சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவைப் பாருங்கள். 2007-இல் அந்த நாட்டின் புள்ளிவிவர நிறுவனத்தில் அரசு தலையிட்டது. அதிகாரபூர்வப் பணவீக்கம் திடீரெனச் சாதுவாகிவிட்டது; கடையில் விலைகள் ஆகவில்லை. சொந்தமாகக் கணக்கிட்டு வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு 2011-இல் அபராதம் போட்டார்கள். 2013-இல் பன்னாட்டு நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. அதற்குள் மக்கள் அரசு எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டு டாலரின் கறுப்புச் சந்தை விலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

டாலரைப் பார்த்து விலை கட்டுவது எப்படி இருக்கும் என்பதை இலங்கையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் ரூபாயைத் தாங்கிப்பிடிப்பதை மத்திய வங்கி கைவிட்டது. 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் இரண்டு மாதத்தில் 360-க்கு வந்தது. இறக்குமதிச் சரக்கு வைத்திருப்பவர் வாங்கிய விலையைப் பார்த்து விற்க முடியாத நிலை. அடுத்த சரக்கு என்ன விலைக்கு வருமோ என்று பார்த்துத்தான் விற்பார். அந்த ஏப்ரலில் வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. சரியாக ஒரு வருடத்தில் அது 1.3 சதவீதமாக இறங்கியது. விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை, ஏறுவதுதான் நின்றது. அங்கே ஒருவரிடம் “பணவீக்கம் 1.3-தான்” என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார் அல்லது திட்டுவார்.

இந்தியாவில் டாலர் அவ்வளவு நேரடியாக வீட்டுக்குள் வருவதில்லை. சமையல் எண்ணெய், பெட்ரோல், தங்கம் ஆகிய மூன்று வழிகளில் வருகிறது.

உங்கள் கைக்கு வரும்போது

முதலில் ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பைப் படிக்கும் விதம். வட்டி முடிவு அறிவிக்கும் நாளில் அது வங்கியின் இணையதளத்தில் வரும். அதில் உள்ள 8, 9 என்ற எண்ணை நாட்டின் வருங்காலப் பணவீக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஏறத்தாழ எப்போதும் உண்மையைவிடத் தூக்கலாகவே இருக்கும். போன தடவையைவிடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஒரே திசையில் போனால் அதற்கு அர்த்தம் உண்டு. அதே நாளில் பொருளாதார வல்லுநர்களின் கணிப்பும் வெளியாகும். பெரும்பாலும் 4, 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். அளவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், திசைக்குக் குடும்பக் கணிப்பை.

அடுத்தது உங்கள் வீட்டின் சொந்தப் பணவீக்கம். மேலே சொன்ன 40,000 ரூபாய் வீட்டையே தொடர்வோம். போன வருடம் வாடகை 12,000, இப்போது 12,600. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 14,000, இப்போது 14,300. பள்ளிக் கட்டணமும் வேனும் 5,000-லிருந்து 5,600. பெட்ரோலும் பஸ்ஸும் 3,000, மாற்றமில்லை. போன், இன்டர்நெட் 1,200-லிருந்து 1,300. மருந்து, டாக்டர் 2,000-லிருந்து 2,200. துணிமணி, பண்டிகை 2,800-லிருந்து 2,900. மொத்தக் கூடுதல் 1,900 ரூபாய், 4.75 சதவீதம். கவனித்தீர்களா, வீட்டில் எல்லோரும் புலம்பிய சமையலறை 300 ரூபாய்தான் கூட்டியிருக்கிறது. வாடகையும் பள்ளியும் சத்தமில்லாமல் 1,200 ரூபாய் எடுத்துக்கொண்டன. வருடத்துக்கு ஒரு தடவை ஏறுவதால் அவை கண்ணில் படுவதில்லை. அதே மாதம், அதே அளவு, அதே பொருள்கள் என்று ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் செலவு கூடியதற்கும் விலை கூடியதற்கும் வித்தியாசம் தெரியாது. புது போன் வாங்கியதைப் பணவீக்கத்தில் சேர்க்கக்கூடாது.

சேமிப்பில்தான் இந்த மனக்கணக்கு பெரிய சேதம் செய்யும். வைப்புநிதிக்கு 7 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். பணவீக்கம் 9 என்று நம்புகிறவருக்கு அது 2 சதவீத நஷ்டமாகத் தெரியும். ஓடிப்போய் சவரன் வாங்குவார், அல்லது பத்திரம் சரியாகப் பார்க்காமல் மனை வாங்குவார். உண்மையில் பணவீக்கம் 4 என்றால் வரிக்கு முன் 3 சதவீத லாபம் அதில் இருக்கிறது. தங்கம் வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். வங்கிப் பணம் கரைகிறது என்பது காரணமானால், கரைகிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். வருமான வரியையும் கழித்துப் பாருங்கள். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்துக்கும் கீழே வந்துவிடும்.

கடையோ பட்டறையோ நடத்துகிறவர்கள் மூலப்பொருள் விலைக்கும் வாடிக்கையாளரின் மனதுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். எல்லோரும் விலையேற்றத்தை எதிர்பார்க்கும் மாதத்தில் பட்டியலை மாற்றினால் முணுமுணுப்பு குறைவு. நகரமே சேர்ந்து டீ விலையை ஏற்றும் நாளில் தனிக் கடையைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த வசதியில் மயங்கி மூலப்பொருள் ஏறாமலே விலை ஏற்றினால், எதிர்பார்ப்பு இறங்கும்போது முதலில் போகிற வாடிக்கையாளர் உங்களுடையவராக இருப்பார். ஆட்களின் சம்பளப் பேச்சில் எதிர்ப்பக்கத்துக் கணக்கும் தெரிய வேண்டும். தொழிலாளி கேட்பது அவர் வீட்டு மளிகைக் கணக்கை வைத்து. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் எவ்வளவு ஏறியது என்பதும் அவர் காதுக்கு வந்திருக்கும். குறியீட்டைக் காட்டி அவரை மறுப்பதைவிட, எந்தச் செலவு கூடியது என்று கேட்டு அதிலிருந்து பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கடைசியாக வாடகை. 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் 10 சதவீதம் என்பார். விலைவாசியைக் காரணம் சொல்வார். அவர் சொல்வதும் மேலே பார்த்த மனக்கணக்குதான், பொய்யில்லை. ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதியை ஒட்டி மத்திய புள்ளியியல் அமைச்சகம் குறியீட்டை வெளியிடுகிறது. மாநிலவாரியாகவும் எண் உண்டு. தமிழ்நாட்டுக்கான எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துக்கு முன் பேசுங்கள்.